பதுளை வீதியில் புல்லும் நாம்பனும்

ஞாயிறு, ஹட்டன்

எங்கள் மட்டக்களப்பில் இப்போது கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற காலம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மேய்ச்சல் தரை கருகிவிட்டது, அறுத்த வயலில் மிச்சமிருந்த தாளையும் மாடுகள் நக்கித் தீர்த்துவிட்டன, இந்த நேரம் பார்த்துத்தான் வியாபாரிகள் பட்டிக்கு வருவார்கள். மாரி முடியும்போது கொழுத்து நின்ற அதே நாம்பன் (காளை மாடு) இப்போது விலா எலும்பு தெரிய நிற்கும், கேட்கிற விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவோ வைத்தியச் செலவோ கழுத்தை நெரிக்கும்போது பட்டிக்காரர் என்ன செய்வார், கொடுத்துவிடுவார். வருடா வருடம் இதே கதை. இதை மாற்ற வழியிருக்கிறதா என்று எங்கள் பக்கத்தில் சிலர் சேர்ந்து பேசி, ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

இறைச்சி மாட்டுக்கு வழி தேடுகிறவன் பால் மாடு வளர்க்கிற மலையகத்துக்கு ஏன் போகவேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். புல்லை ஒரு பயிராக நினைத்து நட்டு, வெட்டி, தலையில் சுமந்துவந்து மாட்டுக்குப் போடுகிற ஆட்களை இங்கேதான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் பார்க்கலாம். எங்கள் பக்கம் புல் என்றால் அது மழை தருவது, அதை யாரும் நடுவதில்லை.

நான் தங்கியிருப்பது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், நண்பரின் அக்கா வீட்டில். விடாமல் மழை. அக்கா காலையில் கொழுந்துக்குப் போய், மாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் நேரே புல்லுக்குத்தான் போகிறார். நானும் கூடப் போனேன். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு முன், மண் தேறுவதற்காக ஒன்றரை இரண்டு வருடம் குவாட்டமாலா புல் போட்டு வைப்பார்கள், அந்த மலையில்தான் வெட்டு. ஆளுயரத்துக்கு நிற்கிறது, இலையின் ஓரம் கையைக் கிழிக்கிறது, காலில் அட்டை ஏறுவதை அக்கா கவனிப்பதே இல்லை. சுண்ணாம்பு தடவின துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். கட்டைத் தூக்கிவிட நான் கை கொடுத்தேன், முப்பது கிலோவாவது இருக்கும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்த வெட்டு பிடிப்பதில்லை. புல்லை வெட்டி அந்த இடத்திலேயே மண்ணுக்கு மூடாக்காகப் போடத்தான் நட்டிருக்கிறார்கள், அதைத் தூக்கிப் போய்விட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். சாணம் திரும்பி அதே மலைக்குப் போனால் இருவருக்கும் நல்லது, ஆனால் சாணம் போவதெல்லாம் மரக்கறித் தோட்டத்துக்கு, அதற்குத்தான் காசு வருகிறது.

இரவு சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன், உடம்பு நோக நோக எதற்கு இந்தப் பாடு? அவர் யோசிக்கவே இல்லை. "தம்பி, இன்னிக்கு ஒரு கட்டு கூடப் போட்டா நாளைக்குக் காலையில பால்ல தெரியுமுங்க. பாலு கூடினா சிட்டையில தெரியும்."

இதைத்தான் கேட்க வந்தேன் போலிருக்கிறது.

திங்கள், அம்பேவல

காலை ஆறு மணிக்குள் பால் கொண்டுபோகிற இடத்தில் நின்றேன். சின்னக் கேனில் பால், அதில் லக்டோமீட்டரை விட்டு அடர்த்தி பார்க்கிறார்கள், லீற்றர் எழுதுகிறார்கள், கொழுப்புக்கு மாதிரி எடுக்கிறார்கள். கொழுப்பும் கொழுப்பல்லாத திண்மமும் பார்த்து விலை. அக்காவின் சிட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி. என்ன தீனி போட்டேன், என்ன கிடைத்தது என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது. புல்லையும் பால் சந்தையையும் கட்டி வைத்திருக்கிற கயிறு இந்தச் சிட்டைதான். எங்கள் நாம்பனுக்கு அப்படி ஒரு சிட்டை கிடையாது.

அப்புறம் நுவரெலியா போய் அம்பேவலப் பக்கம் ஏறினேன். வழியில் டித்வா புயலின் மண்சரிவுத் தழும்புகள், சில இடத்தில் பாதி மலையே சிவப்பாக உரிந்து கிடக்கிறது, ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

அம்பேவலப் பண்ணைகளின் புல்வெளியைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. வேலிக்கு வெளியே நின்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். கிக்குயூ புல், கிழக்காபிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது, தரையோடு கொடி ஓடி மெத்தை மாதிரிப் பிடிக்கிறது, இந்தக் குளிருக்கு நன்றாக வரும். எங்கள் வெயிலில் இது ஒரு கோடையைத் தாண்டாது. புல்லைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்: நிலம் கேட்கிற புல்லைத்தான் நடமுடியும். எங்கள் பக்கத்துக்கு கினியா புல், இலையைத் தீனியாகப் போடுகிற கிளிசரிடியா, இப்பில் இப்பில் மரங்கள், குளத்து நீர் கிடைக்கிற துண்டு நிலத்தில் மட்டும் கோ-3. அந்த கோ-3 கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான நேப்பியர் ஒட்டு, நட்டு எழுபத்தைந்து எண்பது நாளில் முதல் வெட்டு, பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. அது தண்ணீர் பாய்ச்சினால்தான், தண்ணீர் இல்லையென்றால் அதுவும் வைக்கோல்தான்.

2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கறவை மாடுகளைக் கப்பலில் கொண்டுவந்து பண்ணையாளர்களுக்குக் கொடுத்தார்கள். உயர்ந்த சாதி மாடு, அதற்குத் தகுந்த தீனி பல இடங்களில் தயாராக இருக்கவில்லை. கடன்பட்டவர்கள், மாட்டை இழந்தவர்கள் என்று இங்கே டீக்கடையில் இன்னமும் அதைப் பேசுகிறார்கள். முதலில் புல், பிறகு மாடு என்பதை அந்தக் குடும்பங்கள் அவ்வளவு விலை கொடுத்துப் படித்திருக்கவேண்டியதில்லை.

பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவில் இருக்கிற ரயில் சுரங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த மாதங்களில் இந்தப் பக்கம் மழையும் மூட்டமும், அந்தப் பக்கம் ஊவா மாகாணத்தின் வெயில். ஒரு மலை குறுக்கே நிற்பதால் ஒரு பக்கம் புல் அழுகுகிறது, மறுபக்கம் காய்கிறது. இந்தப் பக்கத்துப் புல்லை லொறியில் ஏற்றி அந்தப் பக்கம் விற்றால் என்ன, பதுளை வீதி வழியாக மட்டக்களப்புக்கே கொண்டுபோனால் என்ன என்று ஒரு நண்பர் கிளம்பும்போதே சொல்லியனுப்பியிருந்தார். அதற்கு நாளைக்குப் பதில் எழுதுகிறேன்.

செவ்வாய், வெலிமடை

பதில்: பச்சைப் புல்லில் பத்துக் கிலோவுக்கு எட்டுக் கிலோ தண்ணீர். லொறிக்கு டீசல் ஊற்றித் தண்ணீரைச் சுமப்பதற்கு ஒப்பான வேலை. இருநூறு கிலோ நாம்பன் ஒரு நாளைக்கு இருபது கிலோ பச்சை தின்னும், பத்து நாம்பனுக்கு ஒரு நாளைக்கு இருநூறு கிலோ, மூன்று மாதத்துக்குப் பதினெட்டு டன். வழியிலேயே சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே அது வேண்டாம். தூரம் போகத் தாங்குவது உலர்ந்ததும் அடர்ந்ததும்தான், சோளம், தவிடு, புண்ணாக்கு, வெல்லப்பாகு. பருமனான தீனியை மாடு நிற்கிற இடத்திலேயே உண்டாக்கவேண்டும்.

வெலிமடையில் இன்று சைலேஜ், அதாவது பச்சைத் தீனியைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிப்பது, போடுகிற ஒரு குடும்பத்தோடு பகல் முழுவதும் இருந்தேன். தகப்பன், தாய், பெரிய மகன், பக்கத்து வீட்டு மாமா. முக்கால் ஏக்கர் சோளம். கதிரை நகத்தால் அழுத்தினால் பால் தெறிக்காமல் மாவாக வருகிற பருவத்தில் வெட்டியிருக்கிறார்கள். முன்கூட்டியே வெட்டினால் தண்ணீர் அதிகம், அழுகும். பிந்தினால் தட்டை முற்றி இறுகாது. மெஷினில் விட்டு விரல் நுனி அளவுக்கு நறுக்கி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு, மகன் உள்ளே இறங்கி மிதிக்கிறான். "மூலையை மிதிடா, மூலையை மிதி" என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தார். காற்று நின்ற இடத்தில் பூஞ்சணம் பிடிக்குமாம். கட்டி ஓரத்தில் வைத்தால் மூன்று நான்கு கிழமையில் பதமாகிவிடும், பையைத் திறக்காதவரை மாதக்கணக்கில் இருக்கும். போன போகத்துப் பை ஒன்றைத் திறந்து காட்டினார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், ஊறுகாய்ப் பானையைத் திறந்தது மாதிரி ஒரு புளிப்பு வாசம். பசு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

கெப்பட்டிப்பொலச் சந்தையில் தினமும் ஒதுக்கித் தள்ளுகிற கோவா (முட்டைக்கோஸ்) இலையும் கரட் தழையும் மாட்டுக்கு வருகிறது. இலவசத் தீனிதான். கடைசியாக எப்போது மருந்தடித்தது என்று கேட்காமல் எடுக்கக்கூடாது என்று இந்தத் தாய் உறுதியாகச் சொன்னார், எனக்கும் அதே எண்ணம்.

இங்கேயும் நாம்பன் கன்று பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமா, "ஒரு ஆள் வருவார், கொண்டுபோவார்" என்றார். எங்கே போகிறது என்று தெரியும், கேட்பதில்லை. விலையும் பேசுவதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வது. நானும் மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் பிறந்தவன், அந்தக் கூச்சம் எனக்குத் தெரியாததல்ல, அதை மதிக்கிறேன். ஆனால் பேசாமல் கொடுப்பதால் கன்றுக்கு நன்மை எதுவும் இல்லை. பால் மறக்குமுன் பிடித்துக் கொடுத்த கன்று வழியிலேயே துவண்டுவிடும். ஒன்றரை இரண்டு வருடம் ஒழுங்காகத் தீனி போட்டு வளர்த்து, தெரிந்த ஆளிடம், தெரிந்த விலைக்குக் கொடுப்பது அந்தக் கன்றுக்கும் மரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

புதன், பண்டாரவளை

இன்றுதான் இந்தப் பயணத்தின் நடு நாள், விஷயத்திலும் நடு.

இறைச்சிக்கடை வைத்திருக்கிற ஒரு நானாவை, முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் அழைப்போம், சந்தித்தேன். இந்தத் தொழிலில் நரை கண்டவர். கடையும் மாடு அறுக்கிற மடுவமும் உள்ளூராட்சி சபையின் அனுமதியில்தான் நடக்கும், 1893ஆம் ஆண்டுக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் இன்னமும் அடிப்படை. மாட்டை ஏற்றி வருவதற்கு 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு. 2020 செப்டம்பரில் மாடு அறுப்பதையே தடை செய்கிற யோசனைக்கு அமைச்சரவை இணங்கியபோது, கடையை விட்டுவிடலாம் என்றே நினைத்தாராம். அப்படி ஒரு பேச்சு எழுந்தாலே வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பார், மாடு வைத்திருப்பவரின் வயிற்றில்தான் அது அடிக்கும்.

கடைக்குப் பின்னால் மூன்று நாம்பன்கள் கட்டியிருந்தன. நானாவிடம், நடுவில் நிற்பது எத்தனை கிலோ விழும் என்று கேட்டேன். கிட்டப் போகவில்லை, கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எண்பத்தஞ்சு." தையல்காரரின் அளவு நாடா ஒன்று பையில் கொண்டுவந்திருந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் 130 சென்ரிமீற்றர். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் 110. நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10840ஆல் வகுத்தால் உயிர் நிறை கிலோவில் வரும். 171. எங்கள் நாட்டு மாட்டில் சுமார் பாதி இறைச்சியாக விழும் என்று வைத்தால், எண்பத்தைந்து!

நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு காலமும் நாங்கள் பட்டியில் உட்கார்ந்து, வியாபாரி கண்மதிப்பில் ஏமாற்றுகிறார் என்று திட்டிக்கொண்டிருந்தோம். அவர் கண் பிசகுவதில்லை, அவருக்கு நிறை தெரியும். விற்கிறவருக்குத்தான் தெரியாது. தெரியாததால் பத்துக் கிலோ கூடினால் என்ன கிடைக்கும் என்றும் தெரியாது, அதனால் தீனிக்குச் செலவழிக்க மனம் வருவதில்லை. லயத்து அக்காவின் சிட்டையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். புல் உற்பத்தியை இறைச்சிச் சந்தையோடு இணைக்கவேண்டும் என்று பேசுகிற கூட்டங்களில் புல் விதை கொடுப்பார்கள், பயிற்சி கொடுப்பார்கள். எங்களுக்கு முதலில் வேண்டியது இந்த நாடாவும் நிறைக்கு விலை பேசுகிற ஒரு வியாபாரியும்.

நானாவிடம் இன்னொன்றும் கேட்டேன், கொழுத்த மாட்டுக்குக் கூடக் கொடுப்பீர்களா? "கிலோவுக்குக் கூடக் குடுக்க ஏலாது தம்பி, சனம் வாங்காது. ஆனா எலும்பு மாட்டை அறுத்தா எனக்கும் நட்டம்தானே, கூலி ஒண்டுதான், இறைச்சி பாதிதான். நல்ல மாடு வாரமொண்டு தவறாம வருமெண்டா அதுக்கு ஒரு விலை பேசலாம்." தவறாமல் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். கச்சானில் பத்து, மாரியில் ஒன்றுமில்லை என்றால் அவரால் கடை நடத்த முடியாது.

இரவு அறையில் ஆபிரிக்க வறள்நிலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எதியோப்பியாவின் தெற்கில் போரானா மேய்ப்பர்களிடம் நாம்பன்களை வாங்கி, அடாமா நகரைச் சுற்றியுள்ள கொட்டில்களில் மூன்று மாதம்போல் கோதுமைத் தவிடும் எண்ணெய்ப் புண்ணாக்கும் போட்டுக் கொழுக்கவைத்து ஜிபூட்டி வழியாக அரபு நாடுகளுக்கு ஏற்றுகிறார்கள். சந்தை இருக்கிறது, தீனியும் இருக்கிறது, ஆனால் கொழுத்ததன் இலாபம் கொட்டில்காரருக்கு, மெலிந்த மாட்டின் விலைதான் மேய்ப்பருக்கு. கென்யாவில் 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப்போகம் பொய்த்தபோது இருபது இலட்சத்துக்கு மேல் கால்நடைகள் செத்தன. அங்கே மர்சபிட்டில் 2010இல் தொடங்கிய ஒரு காப்புறுதி இருக்கிறது. செய்மதி மேலேயிருந்து புல்லின் பச்சையைப் பார்க்கும், ஒரு அளவுக்குக் கீழே போனால் பணம் கிடைக்கும், மாடு செத்ததென்று யாரும் நிரூபிக்கவேண்டியதில்லை. மாடு சாகுமுன் தீனி வாங்கப் பணம் வந்தால் அதைவிட என்ன வேண்டும். எங்கள் கோடைக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

வியாழன், பதுளை

பதுளையில் ஒரு மிருக வைத்தியர் நேரம் ஒதுக்கிப் பேசினார். மலையிலிருந்து கீழே மாட்டைக் கொண்டுபோய்க் கொழுக்கவைக்கிற எண்ணம் இருந்தால் காலிலும் வாயிலும் புண் வருகிற கால்வாய் நோயை மறந்துவிடாதே, ஊசி போடாமல் அசைக்காதே என்றார். கையில் எதுவெல்லாம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன், அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார்.

வைக்கோல் எங்களிடம் மலையாகக் கிடக்கிறது, பெரும்போகம் அறுத்ததும் பாதியை எரிக்கிறோம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று கிழமை வைக்கவேண்டும். திறந்ததும் மூக்கைக் குத்தும், சற்று ஆறவிட்டுப் போடவேண்டும். கரையாத யூரியாவை மாடு நக்கினால் செத்துவிடும், ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. இதை இரண்டு தடவை சொன்னார், நானும் இங்கே தனியாகச் சொல்லிவைக்கிறேன். அந்த வைக்கோல் மட்டும் என்றால் மாடு மெலியாமல் இருக்கும், கொழுக்காது. கூடவே கிளிசரிடியா இலை ஒரு கட்டு, தவிடும் புண்ணாக்கும் சேர்ந்து ஒன்றரை இரண்டு கிலோ, கொஞ்சம் உப்பு. வெல்லப்பாகு கிடைத்தால் நல்லது, சீனி ஆலைகள் மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தையிலும் செவனகலையிலும், அம்பாறை மாவட்டத்தில் ஹிங்குரானையிலும் இருக்கின்றன, ஹிங்குரானை எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. இப்படிப் போட்டால் நாளுக்கு அரைக் கிலோ ஏறுவதை எதிர்பார்க்கலாம். தொண்ணூறு நாளுக்கு நாற்பத்தைந்து கிலோ உயிர் நிறை, இறைச்சியாக இருபத்திரண்டு கிலோபோல.

அப்போதுதான் ஹஜ்ஜுப் பெருநாள் ஞாபகம் வந்தது. பெருநாளில் பலி கொடுக்கிற குர்பானுக்கு இரண்டு வயது நிரம்பிய, குறையில்லாத, பார்க்க நல்ல மாடு வேண்டும், மெலிந்து நடக்கமுடியாத மாட்டை வாங்கமாட்டார்கள். ஏறாவூரும் ஓட்டமாவடியும் காத்தான்குடியும் எங்கள் வாசலில் இருக்கிற சந்தை. பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும், 2027இல் மே நடுப்பகுதி. அதிலிருந்து தொண்ணூறு நாள் பின்னால் எண்ணினால் பெப்ரவரி நடுப்பகுதி, வயலில் வைக்கோல் விழுகிற நேரம்! மூன்று கிழமை ஊறவேண்டியதால் முதல் அறுவடை வைக்கோலை ஜனவரி கடைசியிலேயே பிடிக்கவேண்டும். தீனியும் சந்தையும் இவ்வளவு கிட்டக் கிட்ட வருவது எப்போதும் கிடைக்காது, எட்டுப் பத்து வருடத்தில் பெருநாள் இன்னும் முன்னே போய் மாரிக்குள் விழுந்துவிடும். அதற்குள் பழகிக்கொள்ளவேண்டும்.

ஒன்றை மட்டும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கொட்டிலில் வைக்கோல் போட்டு நாலு நாம்பனைக் கொழுக்கவைக்கலாம், தாய்ப் பட்டி மேய்ச்சல் தரையில்தான் வாழும். மயிலத்தமடுவும் மாதவனையும் எங்களுக்கு வேண்டும். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்த பண்ணையாளர்கள் அதைத்தான் கேட்டார்கள். வேளாண்மைக் காலத்தில் வயலைவிட்டு மாட்டைக் கொண்டுபோக அந்தத் தரை இல்லையென்றால் கன்றே இல்லை, பிறகு எதைக் கொழுக்கவைப்பது. தீனி வளர்க்கச் சொல்லித் தருகிறோம் என்று வருகிறவர்கள் தரையைப் பற்றிப் பேசாமல் போனால் அவர்களிடம் நான் கேட்பேன்.

வெள்ளி, பஸ்ஸில்

பசறை, லுணுகலை தாண்டி பிபிலைக்கு இறங்கும்போது காற்றே மாறிவிட்டது, ஜன்னல் கம்பி சுடுகிறது. செங்கலடியில் இறங்கினால் பட்டிக்காரர்கள் சிலர் காத்திருப்பார்கள். சொல்லப்போவதைக் கைபேசியில் எழுதிவைத்திருக்கிறேன்: ஆளுக்கு ஒரு நாடா, மாதம் ஒரு தடவை அளவு, ஒரு கொப்பி. முதல் தடவை குறைந்த நாம்பன்தான், ஆளுக்கு ஒன்றிரண்டு. வேலியெல்லாம் இந்த மாரிக்கே கிளிசரிடியாத் தடி.

இன்னும் பிடிபடாதது பணம். தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் மூன்று மாதம் கையிலிருந்து போகும், வருவது கடைசி நாளில். பால்காரருக்கு மாதா மாதம் வருகிறது, எங்களுக்கு வராது. வியாபாரியிடம் முற்பணம் வாங்கினால் அவர் விலையை இப்போதே கட்டிவிடுவார், வட்டிக்கு வாங்கினால் இருபத்திரண்டு கிலோவும் வட்டிக்கே போய்விடும். சங்கமாகச் சேர்ந்து தவிடு மொத்தமாக எடுத்து, விற்ற பிறகு கழித்துக்கொள்வது ஒரு வழியாகத் தெரிகிறது, அதைப் பெண்கள் குழுக்களிடம் கேட்கவேண்டும், கணக்கு வைப்பதில் அவர்கள்தான் ஒழுங்கு.

நாளைக்கு ஏறாவூரில் ஒரு வியாபாரியைப் பார்க்கப்போகிறேன். நாடாவைப் பிடித்து இருவரும் அளந்து, நிறைக்கு விலை பேச அவர் இணங்குவாரா என்று கேட்கவேண்டும். இணங்கினால் யூரியாவுக்குக் காசு சேர்க்கத் தொடங்குவோம். இல்லையென்றால் ஓட்டமாவடிக்குப் போகவேண்டியதுதான்.